பழத்தோல் மருந்தாகுமா? தெளிந்த வளையம் சொல்வதும் சொல்லாததும்

கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடைபெறும் அறிவியல் கண்காட்சிகளைப் பார்த்து வருபவர்களுக்கு ஒரு மேசை நன்கு பழக்கமானதாக இருக்கும். வெள்ளைத்துணி விரித்த அந்த மேசையின் மேல் நிழலில் உலர்த்திய மாதுளைத் தோல், ஆரஞ்சுத் தோல், வாழைப்பழத் தோல் ஆகியவை தனித்தனிக் கிண்ணங்களில் இருக்கும். பக்கத்தில் பழுப்பு நிறச் சாறு நிரம்பிய சிறு புட்டிகள். நடுவில், மூடி ஒட்டப்பட்ட பெட்ரித் தட்டு ஒன்று. தட்டில் பாக்டீரியாக்கள் மங்கலான திரைபோல் படர்ந்திருக்க, சாறு வைத்த குழிகளைச் சுற்றி மட்டும் கண்ணாடிபோல் தெளிந்த வளையம் காணப்படும். சுவரில் தொங்கும் அட்டையில் வளையங்களின் விட்டம் மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்கும். கடைசி வரி அநேகமாக இப்படி இருக்கும்: "பழத்தோல் சாறு ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு மாற்றாக விளங்கும்."

நான் வேதியியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய கண்காட்சிகளில் பரிசுக் குழுவில் இருக்குமாறு அவ்வப்போது அழைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில், இளங்கலை நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி இந்த மேசையை அமைத்திருந்தாள். எங்கள் தெருப் பெண். மாதுளைத் தோலின் வளையம் பென்சிலின் வில்லையின் வளையத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தது. அழகாகவும் அச்சமின்றியும் விளக்கினாள். மூவர் கொண்ட குழு ஒருமனதாக முதற்பரிசு அளித்தது. அந்த மூவரில் நானும் ஒருவன்.

அவளுடைய தாத்தாவுக்கு நீரிழிவு உண்டு. மறு ஆண்டு கோடையில், செருப்பு வார் உராய்ந்து அவருடைய காலில் ஒரு புண் வந்தது. அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. மாதுளைத் தோலைக் கொதிக்கவைத்து, அந்த நீரால் புண்ணை நாளும் இருவேளை கழுவி வந்தார். "பேத்தி பரிசு வாங்கின மருந்து சார், வெளி மருந்து எதுக்கு?" என்று என்னிடமே சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அது இலேசான சிராய்ப்பாகத்தான் இருக்கும் என்று எண்ணிச் சும்மா இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் கால் வீங்கிக் காய்ச்சல் கண்ட பின்னரே மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஒருநாள் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து கேட்டாள்: "ஐயா, அப்போ நான் பார்த்த வளையம் பொய்யா?"

வளையம் பொய்யன்று. அதற்கு நாம் கூறிய பொருள்தான் தவறு. பழத்தோல் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும், அவற்றை எடுத்துப் போடும் செய்தித்தாள் துணுக்குகளும், எங்கள் பரிசுக் குழுவும் சேர்ந்து செய்துவரும் அந்தத் தவற்றைத்தான் இங்கே சற்று விரிவாக ஆராயப் போகிறோம்.

முதலில் பழத்தோலுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். பழத்தில் சர்க்கரையும் நீரும் நிறைய உண்டு. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அதைவிட நல்ல உணவு இல்லை. விதை முற்றும்வரை அதைக் காக்கும் மதில் தோல்தான். எனவே தற்காப்புக்கான வேதிப்பொருள்களைச் செடி அங்கே சேர்த்து வைப்பதில் வியப்பில்லை. மாதுளைத் தோலைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு நாக்கு இழுத்துப் பிடிக்கும் அந்தத் துவர்ப்பு நினைவிருக்கும். அது டானின் என்னும் பொருள்களின் வேலை. மாதுளையில் இவற்றுள் முதன்மையானது ப்யூனிகலாஜின். ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கினால் கண்ணில் தெறிக்கும் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் லிமோனின். மங்குஸ்தான் பழத்தின் தடித்த ஊதா ஓட்டில் சாந்தோன் வகைப் பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஆல்ஃபா-மாங்கோஸ்டின் 1855-ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுக்கப்பட்டது. நம் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் மாதுளைத் தோல் கழிச்சலுக்குக் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆகவே, பழத்தோலில் என்ன இருக்கப்போகிறது என்று உதறித் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இனி வளையத்துக்கு வருவோம். அகார் என்னும் கூழ்போன்ற தளத்தில் பாக்டீரியாவைச் சீராகப் பூசி, அதன்மேல் மருந்து தோய்ந்த காகித வில்லையை வைக்கிறோம். அல்லது அகாரில் சிறு குழி வெட்டிச் சாற்றை ஊற்றுகிறோம். மருந்து கசிந்து பரவுகிறது. பாக்டீரியா பெருகுவதற்குள் மருந்து போதிய செறிவில் எட்டிய தூரம்வரை வளர்ச்சி இல்லை, அதற்கப்பால் வளர்ச்சி. அந்த எல்லைதான் வளையத்தின் விளிம்பு. 1966-இல் பாயர், கிர்பி முதலியோர் இம்முறையை ஒழுங்குபடுத்தினார்கள். அகார் 4 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும், பாக்டீரியாக் கலவை குறிப்பிட்ட கலங்கல் அளவில் இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு. ஒரு நோயாளியின் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று மருத்துவமனைகள் அறிவதற்காக ஏற்பட்ட முறை இது. இரு வேறு பொருள்களில் எது வலியது என்று பந்தயம் வைப்பதற்காக ஏற்பட்டதன்று.

காரணம் எளிது. வளையத்தின் அகலம் மருந்தின் கொல்லும் திறனை மட்டும் சார்ந்ததில்லை. அது அகாரில் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதையும் சார்ந்தது. பென்சிலின்-ஜியின் மூலக்கூறு எடை 334. ப்யூனிகலாஜினின் எடை 1,084. சிறியது விரைந்து ஓடும். பெரியது தயங்கித் தயங்கி நகரும். லிமோனினோ நீரில் கரையாத எண்ணெய். ஈரமான அகாருக்குள் அது நன்றாகப் பரவாது. ஆகவே சிறிய வளையத்தைக் காட்டும் பொருள் உண்மையில் வலியதாக இருக்கலாம். இந்த முறை பழத்தோலுக்குச் சாதகமாக மட்டுமல்லாமல் பாதகமாகவும் பிழை செய்யக்கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனி அளவுகோல் இருப்பதும் இதனால்தான். மருத்துவ ஆய்வுக்கூடங்கள் பின்பற்றும் அட்டவணையில், சீழ்ப்புண்களில் காணப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். ஜென்டமைசின் வில்லையைச் சுற்றி 15 மில்லிமீட்டர் வளையம் இருந்தாலே அம்மருந்து கேட்கும் என்று பொருள். பென்சிலினுக்கோ 29 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொண்டுவிட்டது என்று கொள்வார்கள்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அந்த மாணவியின் அட்டையில் பென்சிலினுக்கு இருந்த வளையம் இருபதைத் தொடவில்லை. கிருமி இதே ஸ்டஃபிலோகாக்கஸ்தான். அதாவது, அவளுடைய தட்டில் இருந்தது பென்சிலினுக்கு அடங்காத கிருமி. ஏற்கெனவே தோற்றுப்போன வீரனுடன் மாதுளையை ஓடவிட்டு, மாதுளை வென்றது என்று நாங்கள் கைதட்டினோம். மூன்று நடுவர்களில் ஒருவருக்கும் அட்டவணையைப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்து அளவைப் பார்ப்போம். இது கூட்டல் கழித்தல் தெரிந்த எவரும் செய்யக்கூடிய கணக்கு. வழக்கமான பென்சிலின் வில்லையில் 10 அலகு மருந்து இருக்கும். ஓர் அலகு 0.6 மைக்ரோகிராம், ஆக மொத்தம் 6 மைக்ரோகிராம். தோல்வடிசாற்றை ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று கரைத்து, குழிக்கு 100 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஊற்றுவது பல கட்டுரைகளில் காணும் வழக்கம். அப்படியானால் குழியில் விழுவது 10 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 10,000. ஆறு எங்கே, பத்தாயிரம் எங்கே! ஏறத்தாழ 1,670 மடங்கு. இவ்வளவு ஏற்றத்தாழ்வுடன் நடந்த போட்டியில் இரண்டு மில்லிமீட்டர் வெற்றியை எப்படிப் பாராட்டுவது?

"வடிசாறு கலப்படமான பொருள், அதில் செயற்படும் பொருள் நூற்றில் ஒரு பங்குதான் இருக்கலாம், அதைத் தனியே பிரித்தால் பென்சிலினுக்கு நிகராக நிற்கலாம் அல்லவா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை, பிரித்துப் பார்ப்பதுதான். பெரும்பாலான கட்டுரைகள் அந்த வாசலில் வந்து நின்றுவிடுகின்றன. "மேலும் ஆய்வு தேவை" என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த மேலும் ஆய்வை யார் செய்வது? அடுத்த கட்டுரையைத் திருப்பினால், அதே ஆய்வு சாத்துக்குடித் தோலுக்கு நடந்திருக்கும். அதற்கடுத்தது பலாப்பழத் தோலுக்கு. பழத்தை மாற்றிக்கொண்டே போவது எளிது. ஒரே பழத்தில் ஆழமாக இறங்குவது கடினம்.

ஸ்பெயின் நாட்டு வாலென்சியாவைச் சேர்ந்த ரியோஸ், ரெசியோ என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் இதற்கு ஒரு வரம்பு வகுத்தார்கள். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த செறிவை அளக்க வேண்டும். வடிசாறானால் அது மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமும் அதற்குக் கீழும், தனிப்பொருளானால் 10 மைக்ரோகிராமும் அதற்குக் கீழும் இருந்தால் கவனிக்கத்தக்கது. 1 மில்லிகிராமுக்கு மேல் வேண்டியிருக்கும் வடிசாற்றை விட்டுவிடுங்கள் என்றார்கள்.  இந்த வரம்பைத் தாண்டும் பழத்தோல் பொருள் இல்லாமல் இல்லை. மங்குஸ்தான் ஓட்டிலுள்ள ஆல்ஃபா-மாங்கோஸ்டின், பல மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸையும் சில மைக்ரோகிராம் அளவிலேயே நிறுத்துகிறது. பர்லியாரிலும் கல்லாறிலும் குற்றாலத்திலும் பருவத்தில் விற்கும் அந்தப் பழத்தின் ஓட்டை, நாம் தின்றுவிட்டு எறிகிறோம். இருந்தும் இன்றுவரை அது மருத்துவமனை அலமாரிக்கு வந்து சேரவில்லை. அது நீரில் கரைவதில்லை. பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்கும் அதே குணத்தால், செறிவு சற்றுக் கூடினால் நம் சிவப்பணுக்களின் சவ்வையும் உடைக்கிறது. இந்தக் குறையை நீக்க வேதியியலார் அதன் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்து வருகின்றனர். உண்மையான ஆய்வு என்பது இப்படித்தான் ஊர்ந்து செல்லும்.

வளையத்தை உண்டாக்கியது பழத்தோல்தானா என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. எலுமிச்சை வகைத் தோலில் அமிலம் சேர்ந்து வரும். அமிலத்துக்கே வளையம் உண்டு. சாற்றின் அமிலத்தன்மையை நடுநிலையாக்கிவிட்டுச் சோதித்தார்களா? மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறானால், மெத்தனாலை மட்டும் வேறொரு குழியில் ஊற்றிப் பார்த்தார்களா? கடல் கடந்து வரும் ஆரஞ்சுகளின் தோலில், வழியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இமசாலில், தயபெண்டசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள் பூசப்பட்டிருப்பது வழக்கம். தண்ணீரில் கழுவினால் அவை முழுதும் போய்விடா. அந்தத் தோலை அரைத்துச் சாறெடுத்துப் பூஞ்சையின்மேல் ஊற்றினால் பூஞ்சை ஏன் சாகாது? பழம் எங்கே வாங்கப்பட்டது என்ற ஒரு வரியைக்கூட எழுதாத கட்டுரைகளைப் படித்திருக்கிறேன்.

இது வெறும் ஐயம் என்று நினைக்க வேண்டாம். கிரேப்ஃப்ரூட் விதைச்சாற்றின் கதை இதற்குச் சான்று. கிரேப்ஃப்ரூட் என்பது நம் பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். அதன் விதையையும் சாறு பிழிந்த சக்கையையும் கொண்டு செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு திரவம், மேலைநாடுகளில் "இயற்கை ஆன்டிபயாட்டிக்" என்ற பெயரில் பரவலாக விற்பனையாயிற்று. சோதித்த இடமெல்லாம் அது பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வியக்கத்தக்க முறையில் கொன்றது. 1999-இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகர ஆராய்ச்சியாளர்கள், கடையில் விற்ற ஆறு வகைச் சாறுகளை வாங்கி, அவற்றின் கொல்லும் திறனோடு வேதியியல் உள்ளடக்கத்தையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஐந்தில் பென்ஸெதோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி இருந்தது. ஆறாவதில் அது இல்லை. அதற்குக் கிருமியைக் கொல்லும் திறனும் இல்லை. அவர்கள் அத்துடன் விடவில்லை. தாங்களே பழம் வாங்கி, விதையிலிருந்தும் சக்கையிலிருந்தும் சாறெடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் எந்த விளைவும் இல்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த வேதியியலார் 2001-இல் தனியே ஆராய்ந்து, விற்பனைச் சாறுகளில் அதே செயற்கைப் பொருளைக் கண்டறிந்தனர்.

2007-இல் சுவீடனிலிருந்து வந்த ஒரு மருத்துவக் குறிப்பு இதைவிட வருத்தம் தருவது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வந்த இருவர், இந்தச் சாற்றையும் சேர்த்து அருந்தினர். அவர்களுடைய ரத்தத்தின் உறையும் தன்மை அபாயகரமான அளவுக்குக் குறைந்துவிட்டது. பாட்டிலை ஆராய்ந்தபோது உள்ளே இருந்தது அந்தப் பென்ஸெதோனியம் குளோரைடு. வார்ஃபரினை உடலில் சிதைக்கும் நொதியை அது தடுத்திருக்கிறது. பெட்ரித் தட்டில் கண்ட வெற்றி எல்லாம் உண்மைதான். வளையமும் உண்மை. பழம்தான் அங்கே இல்லை.

இனி, வளையமும் உண்மை, பழமும் உண்மை, அளவும் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு பெரிய ஆறு ஓடுகிறது. டானினின் இயல்பு புரதத்தைப் பிடித்துக்கொள்வது. டானின் என்ற சொல்லே தோல் பதனிடும் தொழிலோடு பிறந்தது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு நம் நாட்டில் தோல் பதனிட்டார்களே, அங்கே நடப்பதும் இதுதான்: டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் செய்கிறது. பெட்ரித் தட்டில் பாக்டீரியாவின் புரதத்தைத் தவிரப் பிடிப்பதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. டானின் அதைப் பிடித்து முடக்குகிறது. புண்ணில் என்ன நிலை? சீழும் நிணநீரும் ரத்தமும் புரதம் நிரம்பியவை. டானின் எதிர்ப்பட்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு, கிருமியிடம் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். புண்ணின் மேல் ஒரு பொருக்கு ஏற்படும். மேலே காய்ந்தது போலத் தோன்றும்; உள்ளே கிருமி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீரிழிவுக்காரரின் காலில் நரம்பும் மரத்துப் போயிருந்தால் வலியும் தெரியாது. எங்கள் தெருப் பெரியவர் "புண் ஆறிக்கிட்டு வருது" என்று நம்பியதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வாய்வழி உட்கொண்டால்? ப்யூனிகலாஜின் குடலில் எலாஜிக் அமிலமாகச் சிதைகிறது. குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதையும் மாற்றி யூரோலிதின் என்ற வேறு பொருள்களை ஆக்குகின்றன. ரத்தத்துக்குள் போவது பெரும்பாலும் இவைதாம். ஆக, தட்டில் சோதித்தது ஒரு பொருள். உடலுக்குள் சுற்றுவது மற்றொன்று. குடலுக்குள்ளேயே நடக்கும் கழிச்சலில் துவர்ப்புக்குப் பயன் இருக்கலாம். அந்தப் பழைய வழக்கத்தை இந்த வாதம் தொடவில்லை. ஆனால் நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ உள்ள கிருமியிடம் மாதுளைத் தோலை அனுப்ப முடியாது.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் மெத்தனால் சாறு. வீட்டில் கொதிநீர்க் கஷாயம். இரண்டும் ஒன்றல்ல. ஒரு கரைப்பானில் இறங்குவது இன்னொன்றில் இறங்காது. கொதியில் சில சிதைந்துபோகும். சீன நாட்டு து யூயூ, மாசிபத்திரி இனத்துச் செடியொன்றிலிருந்து மலேரியா மருந்தைத் தேடியபோது, கொதிக்கவைத்த சாறு ஏமாற்றியது. 1971-இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு எடுத்த சாறுதான் எலிகளைக் காப்பாற்றியது. அதிலிருந்து வந்த ஆர்ட்டிமிசினினுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. மெத்தனால் சாற்றின் வளையத்தைக் காட்டிக் கஷாயத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் கட்டுரையாளர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

"பென்சிலினே ஒரு வளையத்தில் பிறந்ததுதானே?" என்று மாணவர்கள் மடக்குவார்கள். மெய்தான். 1928-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டது பூஞ்சையைச் சுற்றிய ஒரு தெளிந்த இடம்தான். ஆனால் 1929-இல் அவர் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். பூஞ்சைச் சாற்றை நீர்க்கச் செய்து நீர்க்கச் செய்து, எவ்வளவு தூரம் போனாலும் கிருமியை நிறுத்துகிறது என்று அளந்தார். ரத்தத்தின் வெள்ளையணுக்களை அது கெடுக்கிறதா என்று பார்த்தார், கெடுக்கவில்லை. அவ்வளவு செய்தும், கட்டுரையின் தலைப்பில் அதை ஆய்வுக்கூடத்தில் ஒருவகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க உதவும் பொருளாகத்தான் குறிப்பிட்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1940 மே 25 அன்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரியின் குழுவினர் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியைச் செலுத்தி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் மருந்து பெறாத நான்கும் இறந்துகிடந்தன. மற்ற நான்கும் பிழைத்திருந்தன. பழத்தோல் வளையங்களைப் பற்றிய கட்டுரைகளில் எத்தனை அந்த நாலு எலிகள்வரை போயிருக்கின்றன?

இங்கே ஒரு சிறு செய்தி. பென்சிலினைப் பெருமளவில் உற்பத்தி செய்ய வளமான பூஞ்சை இனம் தேடியபோது, 1943-இல் அமெரிக்காவின் பியோரியா நகரச் சந்தையிலிருந்து வந்த ஒரு முலாம்பழத்தின் தோலில் அது கிடைத்தது. அழுகிய பழத்தின் தோலில் பூத்திருந்த பூஞ்சை! பின்னாளில் பென்சிலின் தொழிற்சாலைகளில் வளர்ந்த இனங்கள் அதன் வழித்தோன்றல்களே.

நான் பழத்தோல் ஆய்வே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. புதிய மருந்துகள் தேவை. செடிகொடிகளில் தேடுவதும் தக்கதே. எளிய பொருள்களை நேர்மையாகச் சோதித்ததற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மும்பை மருத்துவர்கள் தீப்புண்ணுக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலையும், பின்னர் வாழையிலையையும் கட்டாகப் பயன்படுத்தி, நோயாளிகளிடமே ஒப்பிட்டுப் பார்த்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். வாழையிலை புண்ணில் ஒட்டாது, கட்டு மாற்றும்போது வலிக்காது, விலையும் குறைவு. கிருமியைக் கொல்கிறது என்று அவர்கள் பறைசாற்றவில்லை. கண்டதைச் சொன்னார்கள், ஏழை நோயாளிக்கு அது பயன்பட்டது.

பழத்தோலால் தீங்கு வராது என்ற நம்பிக்கைக்கும் ஒரு சொல். எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகும் பழக்கம் நம் இளைஞர்களிடையே உண்டு. அத்தோலிலுள்ள ஃப்யூரனோகூமரின் வகைப் பொருள்கள் சூரியனின் புறஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும்; கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

அந்த மாணவிக்கு நான் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பல மாலைகளில் பேசினோம். அடுத்த கண்காட்சிக்கு அவள் தன் பேராசிரியரின் மேற்பார்வையில் இரண்டு தட்டுகள் தயாரித்தாள். கிருமி ஒன்றே, மாதுளைத் தோலின் கொதிநீர்ச் சாறும் ஒரே அளவு. இரண்டாவது தட்டுக்கான சாற்றில் மட்டும் சிறிது ஜெலட்டின் கரைசலைக் கலந்து, கீழே படிந்த கலங்கலை வடிகட்டி நீக்கியிருந்தாள். புரதமானால் முட்டை வெள்ளையே போதுமே என்று நான் கேட்டதற்கு, "அதுல லைசோசைம் இருக்கே ஐயா, அதுவே பாக்டீரியாவைக் கரைச்சிடும்" என்றாள். நான் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. முதல் தட்டில் வளையம் பழையபடி பளிச்சென்று இருந்தது. இரண்டாவதில் குழியின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கீற்றாகச் சுருங்கிவிட்டது. அட்டையில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மாதுளைத் தோல் சாற்றின் விளைவு புரதம் சேர்ந்தால் பெரிதும் குறைகிறது."

அந்த ஆண்டு பரிசுக் குழுவில் நான் இல்லை. அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. பப்பாளித் தோலுக்குக் கிடைத்தது.